பனிமலைக்கு வந்த வாக்கி-டாக்கி

1936 புத்தாண்டை ஒட்டி, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்டோவ் என்ற மலையூரில் சார்லஸ் மைனட் டோல் பனிச்சறுக்கில் விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். நண்பர் ஃபிராங்க் எட்சன் உதவி தேடிக் கீழே போனார். அதன்பின் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. உதவி வருகிறதா என்று மேலே கிடந்த டோலுக்குத் தெரியாது. அடிபட்டவர் எப்படி இருக்கிறார் என்று கீழே போனவருக்கும் தெரியாது. கடைசியில் கிடைத்தது ஒரு கூரைத் தகரம். அதில் படுக்கவைத்து டோலை இழுத்துக்கொண்டு இறங்கினார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு சறுக்குப் பந்தயத்தில் எட்சன் மரத்தில் மோதி இறந்தார். 1938-இல் டோல் தொடங்கிய தேசியப் பனிச்சறுக்கு ரோந்துப் படைக்கு இந்த இரண்டு சம்பவங்களும்தான் விதை.

இன்று பனிமலைக்குக் கிளம்பும் குழுக்கள் எந்த வாக்கி-டாக்கி வாங்கலாம், எத்தனை வாட், எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுக்கொள்கின்றன. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட கிலோமீட்டர்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. இந்தக் கருவியின் வரலாற்றைப் பார்த்தால் முடிவு செய்ய வேண்டியது வேறு என்று தெரியும்: கை எட்டுமா, குளிர் தாங்குமா, எல்லோரும் ஒரே சேனலில் இருக்கிறார்களா.

டோல் விழுந்த மறு ஆண்டு, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ட்ரெய்ல் என்ற ஊரில் டொனால்ட் ஹிங்ஸ் என்ற இளைஞர் ஒரு பெட்டியை உருவாக்கினார். ட்ரெய்ல் உலோகம் உருக்கும் ஆலையை நம்பி வாழும் ஊர். ஹிங்ஸ் அந்த ஆலையை நடத்திய சுரங்க நிறுவனத்தில் வேலை பார்த்தார். ஆளரவமற்ற வடக்குக் காடுகளுக்கு நிலவியலாளர்களைச் சிறு விமானங்களில் கொண்டுபோய் இறக்கிவிடுவது அந்த நிறுவனத்தின் வழக்கம். விமானம் பழுதாகி எங்காவது இறங்கிவிட்டால் தகவல் சொல்ல ஒரு ரேடியோ வேண்டும், அதை ஓர் ஆள் தூக்கிக்கொண்டு நடக்கவும் முடிய வேண்டும். அதற்காகப் பிறந்ததுதான் அந்தப் பெட்டி. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ஹிங்ஸை ராணுவ ஆராய்ச்சிக்கு அழைத்துக்கொண்டார்கள். அவர் வடிவமைத்த சி-58 என்ற செட் ஏறக்குறைய 18,000 உற்பத்தியானது.

ட்ரெய்லுக்குப் பக்கத்து ஊர் ராஸ்லாண்ட். நார்வேயிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த ஓலஸ் ஜெல்ட்னெஸ் 1890-களின் இறுதியில் அங்கேதான் ரெட் மவுண்டனில் சறுக்கி இறங்கிக் கனடாவில் அந்த விளையாட்டுக்கு வேர் பிடிக்க வைத்தார். மேற்குக் கனடாவின் முதல் நாற்காலி லிஃப்ட் 1947-இல் அதே மலையில் ஓடத் தொடங்கியது. தூக்கிச் செல்லும் ரேடியோவும் கனடாவின் பனிச்சறுக்கும் இப்படி அடுத்தடுத்த ஊர்களில் வளர்ந்தன. இரண்டையும் அங்கே கொண்டுவந்தது சுரங்கத் தொழில்தான்.

வாக்கி-டாக்கியைக் கண்டுபிடித்தவர் யார் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அமெரிக்காவில் ஆல் கிராஸ் 1938 வாக்கில் கையில் பிடிக்கும் செட்டைச் செய்துகாட்டினார். ஆனால் பெருவாரியாகப் படையினர் கைக்குப் போய்ச் சேர்ந்தவை, பின்னாளில் மோட்டோரோலா என்று பெயர் மாறிய கால்வின் நிறுவனத்தின் இரண்டு செட்கள். முதலாவது எஸ்.சி.ஆர்-536. எடை 2.3 கிலோ அளவில், உள்ளே ஐந்து வால்வுகள். ஆன்டெனாவை வெளியே இழுத்தால் செட் உயிர்பெறும், உள்ளே தள்ளினால் அணையும், பேச வேண்டுமானால் பக்கவாட்டுப் பட்டையை அழுத்த வேண்டும். தடித்த கையுறை போட்டவரும் இயக்கலாம் என்பது அதன் பெரிய நயம். குறையும் இருந்தது. ஒரே அலைவரிசைதான். அதை மாற்ற வேண்டுமென்றால் உள்ளே உள்ள படிகங்களைக் கழற்றி மாற்றி, செட்டை மறுபடி சீரமைக்க வேண்டும்.

இரண்டாவதான எஸ்.சி.ஆர்-300 முதுகில் சுமக்கும் செட், 15 கிலோவுக்கு மேல். டான் நோபிள் தலைமையிலான குழுவில் போலந்துப் பொறியாளர் ஹென்றிக் மாக்னுஸ்கியும் இருந்தார். எஃப்.எம். முறையில் வேலை செய்ததால் இரைச்சல் குறைவு. 41 சேனல்கள், குமிழைத் திருப்பினால் போதும். 536 ஒரு மைல், 300 மூன்று மைல் எட்டும் என்று கணக்கு. இதைவிட முக்கியமான மாற்றம், சேனலைத் தேர்ந்தெடுப்பது பழுதுபார்ப்பவர் கையிலிருந்து பேசுபவர் கைக்கு வந்ததுதான்.

டோலின் ரோந்துப் படை போர்க்காலத்தில் இன்னொரு வேலையும் பார்த்தது. கொலராடோவில் 2,800 மீட்டர் உயரத்தில் கேம்ப் ஹேல் என்ற முகாமில் பயிற்சி பெற்ற பத்தாவது மலைப்படைப் பிரிவுக்குச் சறுக்கத் தெரிந்த ஆட்களைத் தேடிக் கொடுத்தது. 1945 பிப்ரவரியில் இத்தாலியின் ரிவா முகட்டில் இரவோடிரவாக ஏறியவர்கள் இவர்கள்தான். ஊர் திரும்பிய பலர் பனிச்சறுக்குத் தலங்களைக் கட்டுவதில் இறங்கினார்கள். 1962-இல் வெய்ல் தலத்தைத் திறந்த பீட் சீபர்ட் அவர்களில் ஒருவர்.

பொதுமக்களுக்கு ரேடியோ வர இன்னும் காலம் பிடித்தது. 1958-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 27 மெகாஹெர்ட்ஸில் சி.பி. (சிட்டிசன்ஸ் பேண்ட்) சேனல்களைத் திறந்துவிட்டது. 1970-களின் எண்ணெய் நெருக்கடியில் லாரி ஓட்டுநர்கள் அதைப் பிரபலமாக்கினார்கள். லாரிக்கு அது சரி, சறுக்குபவருக்குச் சரிப்படவில்லை. 27 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 11 மீட்டர். அதில் கால்பங்கு நீள ஆன்டெனா என்றாலே ஆளைவிட உயரம். குட்டை ஆன்டெனா வைத்தால் சத்து போய்விடும்.

ரேடியோ ஷாக் நிறுவனம் 1994-இல் விண்ணப்பிக்க, 1996-இல் குடும்ப ரேடியோ சேவை என்ற பெயரில் 460 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 14 சேனல்களுக்கு ஆணையம் அனுமதி தந்தது. அரை வாட் சக்தி, உரிமம் வேண்டாம். அங்கே கால்பங்கு ஆன்டெனா ஏறத்தாழ 16 சென்டிமீட்டர்தான், சட்டைப்பைக்குள் அடங்கும். மறு ஆண்டே மோட்டோரோலாவின் டாக்அபவுட் வந்தது. 1998-இல் ஐரோப்பா தன் பங்குக்கு 446 மெகாஹெர்ட்ஸைத் திறந்தது. லிஃப்ட் வரிசையில் நிற்கும் தாய், மேலே சறுக்கும் பிள்ளையோடு பேசும் காட்சி அந்தக் காலத்தில்தான் சாதாரணமானது.

அதோடு சேர்ந்து வந்தது அட்டைப்பெட்டி வாக்குறுதி. 35 மைல் பேசலாம் என்று அச்சிட்டார்கள். எதிரெதிர் மலையுச்சிகளில் நின்றோ, உச்சியிலிருந்து திறந்த பள்ளத்தாக்கை நோக்கியோ பேசினால்தான் அந்த மாதிரித் தூரம் பேச்சுக்கு வரும். இந்த அலைகள் நேர்கோட்டில் போகிறவை. சமவெளியில் நிற்கும் இருவருக்கு நடுவே பூமியின் வளைவே சுமார் 9 கிலோமீட்டரில் குறுக்கிட்டுவிடும். மலையிலோ ஒரு முகடு குறுக்கே வந்தால் அரை கிலோமீட்டர்கூடத் தாண்டாது. தடையே இல்லாத வெளியிலும் சக்தியை நான்கு மடங்காக்கினால் தூரம் இரண்டு மடங்குதான் ஆகும். அதிக வாட்டுக்குக் கொடுக்கும் பணத்தைக் குளிர் தாங்கும் பேட்டரிக்குக் கொடுப்பது மேல். சாதாரண அல்கலைன் பேட்டரி மைனஸ் 20 டிகிரியில் சோர்ந்துவிடும், லித்தியம் ஏஏ பேட்டரி மைனஸ் 40 வரை தாங்கும்.

பனியில் இன்னொரு ரேடியோவும் உண்டு, அதில் பேச முடியாது. பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் கருவி அது. ஸ்காடி என்ற பெயரில் அமெரிக்காவில் ஜான் லாட்டன் 1968-இல் உருவாக்கினார். இன்று உலகெங்கும் இவை 457 கிலோஹெர்ட்ஸில் துடிக்கின்றன. வாக்கி-டாக்கியும் செல்பேசியும் மிக அருகில் இருந்தால் தேடும் கருவியின் காது மந்தமாகும். நடக்கும்போது 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று பயிற்சியாளர்கள் விடாமல் சொல்கிறார்கள். ரேடியோவை மார்புப்பையில் செருகுவதா, முதுகுப்பையில் வைப்பதா என்பதும் ஆகவே உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

2012 பிப்ரவரி 19 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்டீவன்ஸ் பாஸ் பனிச்சறுக்குத் தலத்தின் அருகே, அதன் எல்லைக்கு வெளியே டன்னல் கிரீக் சரிவில் 16 பேர் இறங்கினார்கள். அனுபவசாலிகள், அந்த மலையை நன்கு அறிந்தவர்களும் இருந்தார்கள். பனி சரிந்து மூவர் இறந்தனர். சரிவின் வேறுவேறு இடங்களில் பிரிந்து நின்றவர்களில் சிலருக்கு என்ன நடந்தது என்பதே உடனே தெரியவில்லை. குழுவுக்குள் பேச்சு அறுந்துபோவதன் ஆபத்தை மலைக்காரர்கள் அதன்பின் வெளிப்படையாக விவாதித்தார்கள்.

கருவிகளும் மாறின. பேக்கன்ட்ரி ஆக்ஸஸ் நிறுவனத்தின் பி.சி. லிங்க் செட்டில் ரேடியோ முதுகுப்பைக்குள் இருக்க, மைக் மட்டும் தோள்பட்டியில் வெளியே நிற்கும். சேனல் குமிழும் மைக்கிலேயே உண்டு. கையுறையோடு, பையைத் திறக்காமல் பேசலாம். எஸ்.சி.ஆர்-536-இன் பக்கவாட்டுப் பட்டையில் இருந்த அதே அக்கறை இது. கொலராடோவின் டெல்லுரைட்டில் மலையேறிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எந்தப் பகுதிக்கு எந்தச் சேனல் என்று ஊரே ஒத்துக்கொண்டு வைத்திருக்கிறது. மேலே ஒரு குழு இறங்கப் போவதை, கீழே நிற்கும் முன்பின் தெரியாத குழுவும் கேட்டு ஒதுங்கிக்கொள்ளலாம்.

நம் நாட்டில் எந்த வாக்கி-டாக்கி என்ற கேள்வி காஷ்மீரின் குல்மார்க்கில் எழுகிறது. அபர்வத் மலையில் ஏறக்குறைய 4,000 மீட்டர் வரை ரோப்கார் போகிறது, அங்கிருந்து எல்லைக்கோடில்லாத சரிவுகள். 2023 பிப்ரவரி 1 அன்று அங்கே போலந்து நாட்டவர் இருவர் பனிச்சரிவில் இறந்தனர். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் நெடுங்காலமாக வேலை செய்வதில்லை என்பதால் செல்பேசியை நம்பியும் போக முடியாது. வாக்கி-டாக்கியில் உரிமம் இல்லாமல் பேச இந்தியாவின் 2018 விதிகள் தரும் இடம் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை. அமெரிக்கக் குடும்ப ரேடியோவின் 462, 467 அதில் அடங்காது. அலைவரிசையையும் அனுமதிச் சான்றையும் சொல்லாமல் இணையத்தில் விற்பதைக் கட்டுப்படுத்த, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் வழிகாட்டு நெறிகளையே வெளியிட வேண்டியிருந்தது. ஒரே குழுவில் பாதிப் பேர் அமெரிக்கச் செட்டும் மீதிப் பேர் 446 செட்டும் கொண்டுவந்தால் ஒன்றின் பேச்சு மற்றதற்குக் கேட்காது. அதைச் சரிபார்க்க வேண்டிய இடம் ரோப்கார் நிலையம் அல்ல, வாங்கும் கடை.