வானொலி லைசென்சு: கொடுத்தவர் கேட்காத கேள்வி

வீட்டில் ஒரு பெட்டியை வைத்துப் பாட்டுக் கேட்பதற்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும் என்று இன்றைய பிள்ளைகளிடம் கூறினால் நகைப்பார்கள். ஆயினும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம் நாட்டில் அதுவே சட்டமாக இருந்தது. ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டி, சிறு புத்தகமொன்றில் வில்லை ஒட்டி முத்திரை பெற்ற தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது. அவ்வழக்கம் எவ்வாறு வந்தது, எவ்வாறு மறைந்தது, மறைந்தபோது நாம் பெற்றதென்ன, இழந்ததென்ன என்று சற்றே சிந்திப்போம்.

1924ஆம் ஆண்டில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. ஆர்வம் மிகுதி, பணம் குறைவு. 1927இல் அக்குரல் ஓய்ந்தது. அதே ஆண்டு ஜூலை 23ஆம் நாள் பம்பாயில் இந்திய ஒலிபரப்புக் கம்பெனி தன் நிலையத்தைத் திறந்தது. கேட்போர் ஆண்டுக்கு 10 ரூபாய் லைசென்சுக் கட்டணம் செலுத்த வேண்டும். அதில் 8 ரூபாய் கம்பெனிக்குச் சேரும். ஆனால் லைசென்சு பெற்றோர் சிலரே. பெறாமல் கேட்டோர் பலர். 1930இல் கம்பெனி மூடப்பட்டது. அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது.

கட்டாதவரைச் சட்டம் ஏன் பிடிக்கவில்லை? 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் கருவியை நிறுவி இயக்குவோரைத்தான் எட்டியது. பெட்டி வீட்டில் இருக்கிறது, ஆனால் நாங்கள் அதைத் திருப்புவதில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால் வழக்கு நிற்பது கடினம். இக்குறையைப் போக்கவே இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம் 1933இல் இயற்றப்பட்டு, 1934 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. லைசென்சின்றிப் பெட்டியை வைத்திருப்பதே குற்றமாயிற்று. முதல் முறை 100 ரூபாய் வரையிலும், மறுமுறை 250 ரூபாய் வரையிலும் அபராதம். அதிகாரம் பெற்ற அலுவலர் வீட்டைச் சோதனையிடலாம், கருவியைக் கைப்பற்றலாம். ஒருவருடைய ஆளுகைக்குட்பட்ட இடத்தில் பெட்டி இருந்தால், அது அவர் வசமுள்ளதாகவே நீதிமன்றம் கருதவும் இடமுண்டு.

அந்நியராட்சி நீங்கியும் அச்சட்டம் நீங்கவில்லை. 1959இல் தில்லிக்கும் 1975இல் சென்னைக்கும் தொலைக்காட்சி வந்தபோது அதுவும் லைசென்சுக்குள் அடங்கியது. எழுபதுகளில் வானொலிக்கு ஆண்டுக்கு 15 ரூபாய். தொலைக்காட்சிக்கு 50 ரூபாய். ஆய்வாளர் தெருமுனையில் தென்பட்டார் என்ற செய்தி பரவியதும், கூடத்திலிருந்த பெட்டி போர்வைக்குள் மறைந்ததை நாம் அறிவோம். பாட்டுக் கேட்ட பாவத்துக்கு ஓர் எளிய குடும்பம் குற்றவாளியைப் போல் ஒளிய நேர்ந்தது.

இதன் மூல வடிவம் இங்கிலாந்தினுடையது. அங்கே 1922இல் 10 ஷில்லிங் கட்டணத்துடன் தொடங்கி, 1946இல் தொலைக்காட்சிக்கு 2 பவுன் என வளர்ந்தது. அங்கும் குறையில்லாமல் இல்லை. கட்டத் தவறுவது இன்றளவும் குற்றமே. அபராதம் 1000 பவுன் வரை செல்லும். தண்டிக்கப்படுவோரில் பெரும்பான்மையோர் பெண்கள். பகலில் கதவைத் திறப்பவர் அவர்களே அன்றோ! எனினும் அக்கட்டணம் பிபிசியை நடத்துவதற்கான பணம் என்பதை மக்கள் அறிவர். எங்கள் பணம் என்று உரிமையோடு கண்டிக்கவும் செய்வர்.

நம் நாட்டில் அவ்வுணர்வு வேரூன்றவில்லை. வானொலி அரசின் ஓர் இலாகாவாகவே இருந்தது. 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலை நிலவிய காலத்தில், பணம் கட்டியவர் வீட்டிலும் கட்டாதவர் வீட்டிலும் ஆட்சியாளரின் குரலே ஒலித்தது. ஒலிபரப்பு தன்னாட்சி பெற வேண்டும் என 1978இல் வர்கீஸ் குழு பரிந்துரைத்தது. பிரசார் பாரதிச் சட்டம் 1990இல் நிறைவேறி 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இதற்கிடையில் 1967இல் வானொலியிலும் 1976இல் தொலைக்காட்சியிலும் விளம்பரங்கள் நுழைந்தன. டிரான்சிஸ்டர் வீடுதோறும் பரவிவிட்ட நிலையில் ஒவ்வொரு வாசலிலும் நின்று பணம் தண்டுவது பெரும்பாடாயிற்று. எண்பதுகளின் நடுவில் லைசென்சு முறை கைவிடப்பட்டது. மக்கள் மகிழ்ந்தனர், அம்மகிழ்ச்சி நியாயமானதே.

ஆனால் கட்டணம் மறைந்துவிடவில்லை, வழி மாறிற்று. முன்பு அஞ்சலகத்தில் நேரே கொடுத்ததை இன்று வரியாகவும், விளம்பரச் செலவு சேர்ந்த பொருளின் விலையாகவும் கொடுக்கிறோம். வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று 1995இல் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. புத்தகமும் வில்லையும் கையிலிருந்த காலத்தில், என் பணத்துக்கு யாருடைய குரலைக் கேட்கிறேன் என்று நாம் கேட்கவில்லை. அந்தப் புத்தகம் இல்லாத இன்றும் அக்கேள்வியைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.