மரத்தைக் காக்கப் பாதையை அழித்தார்கள்

மரப் பராமரிப்பு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கொப்பு வெட்டுவது, பசளை போடுவது, மருந்தடிப்பது. நூறு மீற்றரைத் தாண்டி வளர்ந்த மரத்துக்கு இதில் எதைச் செய்ய முடியும்? கலிபோர்னியாவின் வட கரையோரத்தில், ரெட்வுட் கிரீக் என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில், இந்தக் கேள்விக்கு விடை காண ஒரு நாடாளுமன்றமே சட்டம் போட வேண்டி வந்தது.

ரெட்வுட் என்பது நம் செஞ்சந்தனம் அல்ல, ஊசியிலை மரம். 1963இல் இந்த ஆற்றின் வளைவொன்றில் அளக்கப்பட்ட மரம் ஏறக்குறைய 112 மீற்றர். கொழும்புத் தாமரைக் கோபுரத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு உயரத்துக்கும் ஆணிவேர் கிடையாது. வேர்கள் ஆழம் போகாமல் அகலமாகப் பரவி, பக்கத்து மரங்களின் வேர்களோடு பின்னிக்கொள்கின்றன. கோடையில் மழை குறைவு. கடலில் இருந்து வரும் மூடுபனிதான் இலைகளை நனைக்கிறது.

1968இல் அங்கே தேசியப் பூங்கா பிரகடனமானது. ஆனால் மரக் கம்பனிகளோடு பேரம் பேசிப் பேசி, உயரமான மரங்கள் நின்ற இடத்துக்குக் கிடைத்தது ஆற்றோரமாக சுமார் அரை மைல் அகலத்தில் ஒரு நீண்ட துண்டு நிலம் மட்டுமே. ‘புழு’ என்றே அதற்குப் பெயர் வந்தது. புழுவுக்கு மேலே இருந்த மலைச்சரிவுகள் கம்பனிகளிடம். அவர்கள் மொட்டையாக வெட்டினார்கள். வெட்டிய மரத்தை இறக்க, சரிவெங்கும் மண்பாதைகள் போட்டார்கள்.

பிரச்சினை அந்தப் பாதைகளில் இருந்துதான் கிளம்பியது. ஓடைகள் குறுக்கிட்ட இடங்களில் குழாய் மதகு வைத்து மண்ணால் மூடியிருந்தார்கள். பெருமழையில் குழாய் அடைபடும். தண்ணீர் பாதை வழியே ஓடிச் சரிவை அறுக்கும். மண்ணும் கல்லும் ஆற்றில் இறங்கும். ஆற்றின் படுக்கை உயர, கரை அரிபடும். 1964இலும் 1975இலும் வந்த வெள்ளங்களுக்குப் பிறகு, வேலிக்குள் பத்திரமாக நின்ற உலகின் உயரமான மரங்களின் அடிவாரமே ஆபத்தில் இருந்தது. அவற்றின் மீது ஒரு கோடரியும் படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பூங்காவை விரிக்கப் போகிறார்கள் என்றதும் மரம் வெட்டும் தொழிலாளர் கொதித்தார்கள். 1977இல் ரெட்வுட் கட்டையில் பிரமாண்டமான கச்சான் ஒன்றைச் செதுக்கி, லொறியில் ஏற்றி, நாட்டின் மறுகரையில் இருக்கும் வோஷிங்டன் வரை கொண்டுபோனார்கள். ஜனாதிபதி கார்ட்டர் கச்சான் விவசாயி. ஆங்கிலத்தில் அற்பமானதற்கும் ‘கச்சான்’ என்பார்கள். உங்களுக்கு அற்பம், எங்களுக்குச் சாப்பாடு என்பது அதன் பொருள். வெள்ளை மாளிகை அதை வாங்க மறுத்தது. கச்சான் திரும்பி வந்து ஓரிக் என்ற சிற்றூரின் வீதியோரத்தில் பல வருடம் கிடந்தது. அவர்களின் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஊர்களில் வேறு தொழில் என்ன இருந்தது?

1978 மார்ச்சில் கார்ட்டர் கையெழுத்திட்டார். 48,000 ஏக்கர் சேர்ந்தது. அதில் பெரும்பகுதி ஏற்கனவே வெட்டி முடிந்த நிலம். இப்படி மொட்டை நிலத்தைக் காசு கொடுத்து வாங்கிய தேசியப் பூங்கா வேறு எங்காவது உண்டா என்று யோசிக்கிறேன். அதே சட்டத்தில் வேலை இழந்தோருக்கு நட்டஈடும், நிலத்தைத் திருத்தும் பணிக்கு 3 கோடி 30 இலட்சம் டொலரும் இருந்தன.

அந்தத் திருத்தும் பணிதான் எனக்குப் பிடித்த பகுதி. நாம் பெக்கோ என்று சொல்லும் இயந்திரங்களும் புல்டோசர்களும் மீண்டும் மலையேறின. மதகுகளைத் தோண்டி எடுத்தார்கள். ஓடைக்குப் பழைய வழியைத் திறந்தார்கள். பாதையில் கொட்டிய மண்ணை அள்ளிச் சரிவோடு சேர்த்து, மேலே கொப்புகளைப் பரப்பி, கன்று நட்டார்கள். இயந்திரம் ஓட்டியவர்களில் முன்னாள் மரவெட்டித் தொழிலாளரும் இருந்தார்கள். எந்த வளைவில் எப்படிப் பாதை வெட்டினார்கள் என்று அவர்களை விட யாருக்குத் தெரியும்?

2006இல் ஹைபீரியன் என்ற மரத்தைக் கண்டுபிடித்தார்கள். சுமார் 116 மீற்றர், இன்று அறியப்பட்டதில் உலகிலேயே உயரமானது. அது நிற்பது 1978இல் சேர்த்த பகுதிக்குள். பார்க்கப் போனவர்களின் கால்பட்டு அடிமண் இறுகிப்போனதால் 2022இல் அந்த இடத்தை மூடினார்கள். மீறினால் 5,000 டொலர் வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை.

மேலே சரிவுகளில் வேலை இன்னும் முடியவில்லை. வெட்டிய நிலத்தில் நெருக்கியடித்து முளைத்த இளமரங்களை இப்போது வாள் கொண்டு ஐதாக்குகிறார்கள், மிஞ்சும் ரெட்வுட்டுக்கு வெளிச்சம் கிடைக்க. பழைய பாதைகளும் இன்னும் மிச்சம் இருக்கின்றன.