ஆசனவாய் வெடிப்பு: அறுவை மருத்துவ வரலாறு

ஆசனவாய் வெடிப்பு என்பது ஆசனவாயின் உட்புறத் தோலில் நெடுக்காக விழும் கிழிசல். பெரும்பாலும் பின்புற நடுக்கோட்டில் தோன்றும். 6 முதல் 8 வாரங்களுக்கு மேலாகியும் ஆறாதது நாட்பட்ட வெடிப்பு எனப்படும். அதன் அடியில், ஆசனவாயை மூடி வைக்கும் உட்சுருக்குத்தசையின் இழைகள் தெரியும். வெளிமுனையில் சிறு தோல்மடிப்பு தொங்கும். இம்மடிப்பு கைக்குத் தட்டுப்படுவதால் பலரும் இதை மூலம் என்றே எண்ணிவிடுகின்றனர்.

தொடக்கக்கால முறைகள்

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே பிரெஞ்சு மருத்துவர்கள் இச்சுருக்குத்தசையின் இறுக்கத்தைக் கவனித்திருந்தனர். அலெக்சிஸ் புவாயே சுருக்குத்தசையை வெட்டினார்; ரெக்காமியே விரல்களால் ஆசனவாயை விரித்தார். விரிக்கும் முறை எளியது என்பதால் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. ஆனால் தசை எங்கே, எவ்வளவு கிழிகிறது என்பது மருத்துவரின் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. புண்ணையே அகலமாக வெட்டியெடுக்கும் வழக்கமும் இருந்தது. பிரிட்டிஷ் மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ், தடித்த நார்ப்பட்டை ஒன்றே இறுக்கத்துக்குக் காரணம் எனக் கருதி அதை வெட்டினார்.

உட்சுருக்குத்தசை அறுவை

அந்தப் பட்டை உட்சுருக்குத்தசையின் கீழ்ப்பகுதியே என்று 1951இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்டீபன் ஐசன்ஹாமர் விளக்கினார். அவர் முதலில் வெடிப்பு இருந்த பின்புற நடுக்கோட்டிலேயே தசையை வெட்டினார். வெடிப்பு ஆறினாலும் அவ்விடத்தில் சாவித்துளை வடிவப் பள்ளம் விழுந்து மலம் கசிந்தது. எனவே பக்கவாட்டில் வெட்டும்படி பின்னர் அவரே பரிந்துரைத்தார்.

லண்டனில் ஆலன் பார்க்ஸ் 1967இல் சிறு கீறல் வழியே தசையைக் கண்ணால் பார்த்து வெட்டும் திறந்த முறையை விவரித்தார். 1969இல் மிட்செல் நோட்டாராஸ் மூடிய முறையை வெளியிட்டார். இதில் குறுகிய கத்தியைத் தோலுக்கும் தசைக்கும் இடையே படுக்கையாகச் செலுத்தி, பிறகு அலகைத் தசைப்பக்கம் திருப்பி அறுப்பர். இழைகள் அறுபட்டு இறுக்கம் தளர்வது ஆசனவாய்க்குள் இருக்கும் விரலுக்குத் தெரியும். வெடிப்பைத் தொடாமலே அது ஆறிவிடும்.

இது ஏன் பலிக்கிறது என்பது பின்னரே தெளிவாயிற்று. பின்புற நடுக்கோட்டுக்கு இயல்பாகவே இரத்த ஓட்டம் குறைவு. இறுகிய தசை அதையும் நெருக்குகிறது. தசை தளர்ந்ததும் இரத்தம் பாய்ந்து புண் ஆறுகிறது.

பிற்கால மாற்றங்கள்

பக்கவாட்டு அறுவையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமடைகின்றனர். ஆயினும் சிலருக்கு வாயுவையோ மலத்தையோ அடக்க முடியாமல் போவதை 1980களின் ஆய்வுகள் காட்டின. அதனால் வெடிப்பின் நீளத்துக்கு மேல் தசையை வெட்டாத வழக்கம் பரவியது. 1990களில் தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் நைட்ரோகிளிசரின் களிம்பும் போட்யூலினம் ஊசியும் வந்தன. இப்போது நார்ச்சத்து உணவு, வெந்நீரில் உட்காருதல், களிம்பு ஆகியவற்றுக்குப் பிறகே பொதுவாக அறுவையை நாடுகின்றனர். பிரசவத்தில் தசை சேதமுற்ற பெண்கள் போன்றோருக்கு, தசையை வெட்டாமல் அருகிலுள்ள தோலை நகர்த்திப் புண்ணை மூடும் முறை ஏற்றது.