பூலித்தேவர் (பட்டம்)

பூலித்தேவர் அல்லது புலித்தேவர் என்பது சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள நெற்கட்டும்செவல் பாளையத்தை ஆண்ட மறவர் குடும்பத்தினர் வழிவழியாகத் தாங்கிய பட்டப்பெயர் ஆகும். ஆற்காடு நவாபையும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியையும் எதிர்த்த காத்தப்ப பூலித்தேவரால் இப்பெயர் புகழ்பெற்றது. அதனாலேயே பலரும் இதனை ஒருவரின் இயற்பெயராகக் கருதுகின்றனர். கட்டபொம்மன் என்பதும் இவ்வாறே பாஞ்சாலங்குறிச்சிக் குடும்பத்தின் பொதுப்பெயர். வீரபாண்டியன் என்பதே தனிப்பெயர். ஆகவே பழைய ஆவணங்களில் பூலித்தேவர் என்று கண்டவுடன் அவர் காத்தப்பரே என முடிவு செய்தல் தவறாகலாம். ஆண்டையும் பார்க்க வேண்டும்.

மரபுரிமை

மதுரையில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் 16ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்திய 72 பாளையங்களுள் திருநெல்வேலிச் சீமையின் மேற்குப் பகுதியில் இருந்தவை பெரும்பாலும் மறவர் பாளையங்களாகும். பாளையக்காரர் பதவி தந்தைக்குப்பின் மகனுக்குச் சென்றது. எனினும் அது வெறும் சிறப்புப்பெயர் அன்று. நாயக்கருக்குத் திறை செலுத்துவதும், போர்க்காலத்தில் படை அனுப்புவதும், ஊர்க்காவலும் அதனோடு பிணைந்திருந்தன. வருவாயில் ஒரு பங்கு நாயக்கருக்கு, ஒரு பங்கு படைக்கு, எஞ்சியது பாளையக்காரருக்கு என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு.

ஒப்புநோக்க, அயர்லாந்தின் லெயின்ஸ்டர் கோமகன் பட்டம் 1766இல் பிட்செரால்டு குடும்பத்துக்கு அரசாணையால் வழங்கப்பட்டது. பின்னாளில் அக்குடும்பத்தின் பெருநிலங்கள் கைமாறியும் பட்டம் நீடித்தது. பாளையத்திலோ நிலம், படை, பட்டம் மூன்றும் ஒன்றாகவே இருந்தன.

காத்தப்ப பூலித்தேவர்

1736இல் மதுரை நாயக்கர் ஆட்சி முடிவுற்றபின் திறையை யாருக்குச் செலுத்துவது என்பதே சிக்கலாயிற்று. நவாப் முகம்மது அலி அதனைத் தமக்குரியது என்றார். 1755இல் கர்னல் எரோன், மாபூசுகானுடன் வந்து நெற்கட்டும்செவல் கோட்டையைச் சூழ்ந்தார். கோட்டையை உடைக்கத்தக்க பெரிய பீரங்கிகள் இல்லாமையால் திரும்பினார். பூலித்தேவர் மேற்குப் பாளையங்களை ஒன்றுசேர்த்தார். 1760இன் இறுதியில் வாசுதேவநல்லூரைத் தாக்கிய கான்சாகிபு யூசுப்கானும் பின்வாங்க நேர்ந்தது. ஆனால் 1761இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் அவரிடம் வீழ்ந்தன.

பூலித்தேவர் சிறைப்பட்டு, சங்கரன்கோவில் கோமதி அம்மனை வழிபடுகையில் விலங்குகள் அறுந்து மறைந்தார் என்பது இவ்வட்டார மரபு. கோவிலினுள் அவர் பெயரால் ஓர் இடமும் காட்டப்படுகிறது. நெல்லை வரியாகக் கட்ட மறுத்ததால் நெற்கட்டும்செவல், நெற்கட்டான்செவல் ஆயிற்று என்பதும் மக்கள் வழக்கே. இரண்டையும் வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ள இயலாது. ஆயினும் தோற்ற பின்னரும் அப்பெயருக்கு மக்களிடையே இருந்த மதிப்பை இவை காட்டுகின்றன.

பிற்காலம்

1799இல் பாளையக்காரர் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் கம்பனி ஆணையிட்டது. 1803 அளவில் சிவகிரி, ஊத்துமலை முதலிய அண்டைப் பாளையங்கள் நிலையான வரித்திட்டத்தின்கீழ்ச் சமீன்களாயின. படையும் காவலும் போய், வரி வாங்கும் உரிமை மட்டும் மரபுரிமையாயிற்று. 1948ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சமீன் ஒழிப்புச் சட்டம் அதனையும் நீக்கியது.

நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் நினைவு மாளிகை உள்ளது. அவர் பிறந்தநாளாகக் கொள்ளப்படும் செப்டம்பர் 1 அன்று தமிழக அரசு ஆண்டுதோறும் விழா எடுக்கிறது.