கரிக்குவியலில் கிடைத்த கணக்கு

தோற்றவன் தன் தோல்வியை மறைத்து வைப்பதுதான் உலக வழக்கம். அதைப் புத்தகமாகவே அச்சிட்டு வெளியிட்ட ஒரு மனிதரிடம் எனக்குத் தனி மரியாதை உண்டு. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்ஸன் என்று பெயர். 1881-இல் பிறந்த ஆங்கிலேயர்.

குவேக்கர் மதத்தவரானபடியால் ஆயுதம் எடுக்க மறுத்தார். ஆனால் முதல் உலக யுத்தத்தின்போது பிரான்ஸுக்குப் போய், காயம்பட்டவர்களை ஏற்றிச் செல்லும் வண்டி ஓட்டினார். ஓய்வு நேரத்தில், குளிரடிக்கும் விடுதியில், வைக்கோல் குவியலே மேஜையாக ஒரு கணக்குப் போட்டார்.

காற்றும் தண்ணீரைப் போல ஓடும் வஸ்துதான். அதன் ஓட்டத்துக்குச் சமன்பாடுகள் உண்டு; அவற்றை நேராகத் தீர்க்கத்தான் வழியில்லை. ரிச்சர்ட்ஸன் வானத்தையே சதுரங்கப் பலகைபோலக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். உயரவாக்கில் ஐந்து அடுக்கு. கட்டத்துக்குக் கட்டம் காற்றும் அழுத்தமும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று தெரிந்தால், சில மணி நேரத்துக்குப் பின் என்ன ஆகும் என்பதை வெறும் கூட்டல், கழித்தல், பெருக்கலாலேயே சொல்லிவிடலாம் அல்லவா?

1910 மே 20-ஆம் தேதிக் காலை நிலவரத்தை வைத்துக்கொண்டு, ஐரோப்பாவில் ஓரிடத்துக்குக் கணக்கிட்டார். ஆறு மணி நேரத்தில் அழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று விடை வந்தது. எந்தப் புயலும் செய்யாத காரியம்! அன்று உண்மையில் அழுத்தம் அநேகமாக அசையவே இல்லை.

1917-இல் சண்டைக் குழப்பத்தில் கையெழுத்துப் பிரதி தொலைந்துபோயிற்று. சில மாதங்கள் கழித்து, பெல்ஜியத்தில் ஒரு கரிக்குவியலுக்கு அடியில் அகப்பட்டது! கதையில் நான் இப்படி எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அத்தோடு அதை அடுப்பில் போட்டிருக்கலாம். அவரோ 1922-இல் தப்பு விடையையும் சேர்த்தே புத்தகமாக்கினார். 64,000 பேர் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் வானிலையோடு ஓடிப் பிடிக்கலாம் என்று அதில் ஒரு கனவும் கண்டார்.

1950-இல் அமெரிக்காவில் அந்த மண்டபத்தின் வேலையை எனியாக் என்ற யந்திரம் ஏற்றது. சார்னி, ஃபான் நாய்மன் முதலியோர் சமன்பாட்டைச் சுருக்கி, ஒருநாள் வானிலையைச் சுமார் ஒருநாளில் கணக்கிட்டார்கள். ரிச்சர்ட்ஸன் அதை அறிந்த பிறகே, 1953-இல் காலமானார்.

பின்னாளில் பீட்டர் லிஞ்ச் என்பவர் பழைய கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். முறையில் பிசகில்லை, ஆரம்ப அளவுகள் ஒன்றோடொன்று இசையாததுதான் கோளாறு. அதைச் சீர்செய்ததும் சரியான விடை வந்தது. தப்பை ஒளிக்காமல் வைத்துவிட்டுப் போனதால்தானே அதைத் திருத்த இன்னொருவரால் முடிந்தது? இன்று புயல் வருமுன் மீனவரைக் கரையில் நிறுத்தும் எச்சரிக்கைக்குப் பின்னாலும் அந்தக் கட்டங்கள் இருக்கின்றன.