சொல்லைத் தேர்ந்த முன்னோர்

சரக்குப் பதிவேட்டில் “மூட்டை சேதம்” என்று மட்டும் எழுதினால் மேலதிகாரி ஒப்புவதில்லை. கிழிந்ததா, நனைந்ததா, நசுங்கியதா என்று வினவுவார். பொதுச்சொல் உண்மையை மறைக்கும். உரிய சொல்லே அதனைக் காட்டும்.

இதனை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். திவாகரமும் பிங்கலந்தையும் சொற்களைப் பொருள்வகையால் தொகுத்தன. பின்னர் மண்டலபுருடர் சூடாமணி நிகண்டினை விருத்தப்பாவில் யாத்தார்; திண்ணைப்பள்ளி மாணாக்கர் அதனை நெட்டுருச் செய்தனர். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை இயற்றி, சொற்களை அகரவரிசையில் நிறுத்தினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, இலக்கத்துக்கு மேற்பட்ட சொற்களைக் காத்தது.

ஆயினும், ஏட்டில் காத்த சொல் நாவில் வழங்காவிடில் என் பயன்? சென்ற ஆடியில் என் மகன் ஊருக்கு, “இங்கே மழை” என்று கடிதம் எழுதினான். “தூறலா, சாரலா, அடைமழையா?” என்று பாட்டியார் மறுமொழி விடுத்தார். அவன் அம்மூன்றன் வேறுபாடும் அறியாது விழித்தான். பிழை அவனுடையதன்று, வீட்டில் அச்சொற்களை வழங்காத என்னுடையதே.

அன்பர்களே, அயலூரில் வளரும் நம் மக்களுக்கு நாள்தோறும் ஒரு சொல்லேனும் உரிய இடத்தில் வழங்கிக் காட்டுவோமாக.