தோல் மக்கியது, கல் மிஞ்சியது



சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள புஞ்சைக் காடுகளில் கைவிடப்பட்ட தோட்டங்களை நாம் பார்த்திருக்கிறோம். வேலிக்கருவை மூடிய கிணறு, மாடுகள் இறங்கி ஏறிய கமலை வாரியின் சரிவு, உருளை மாட்டத் துளையிட்ட கல்தூண், உடைந்த கல்தொட்டி, புல் முளைத்த களம். மின்மோட்டாரும் ஆழ்துளைக் கிணறும் வந்தபின் இவற்றுக்கு வேலையில்லை. இவற்றை வரலாற்றுச் சான்றாக வாசிக்க முடியுமா என்பதே இன்று நம் கேள்வி.

நம் வட்டாரத் தொல்லியல் பெரும்பாலும் ஈமக்காடுகளிலிருந்தே பேசுகிறது. ஆதிச்சநல்லூரில் ஜாகோர் 1876இல் தோண்டினார். அவருக்குப் பின் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அண்மையில் நம் தென்காசி மாவட்டத்துத் திருமலாபுரத்திலும் தாழிகள் கிடைத்தன. தோட்டக் கிணற்றை யாரும் தோண்டுவதில்லை. நினைவுச் சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் நூறாண்டுப் பழமை கேட்கிறது.

அப்படியே தோண்டினாலும் கிடைப்பது கல்லும் இரும்பும்தான். இரும்புக் கூனை கிடைக்கலாம். அதன் அடியில் தைத்த தோல்வால் கிடைக்காது. அந்த வால் இல்லாமல் தண்ணீர் வாய்க்காலுக்கு வராது. தோலைப் பதனிட்டவர்களும், வெட்டித் தைத்தவர்களும், கிழிந்தபோது ஒட்டுப் போட்டவர்களும் அருந்ததியர். இங்கிலாந்தின் விண்டோலண்டா ரோமானியக் கோட்டையில், காற்றுப் புகாத ஈரமண்ணில் ஆயிரக்கணக்கான தோல் செருப்புகள் மக்காமல் கிடைத்தன. நனைந்தும் காய்ந்தும் மாறிவரும் நம் மண்ணில் தோல் நிற்பதில்லை. ஆகவே நம் உழைப்பு தடயமின்றிப் போனது.

காகிதமும் கைகொடுக்கவில்லை. கிராமக் கணக்கில் பட்டாதாரரின் பெயர் உண்டு. வால் தைத்தவரின் பெயர் இல்லை. அவருக்குரிய தானியம் அறுவடைக் களத்தில் அளக்கப்பட்டது. களத்தில் கைவினைக் குடிகளுக்குக் கொடுக்கும் அந்தப் பங்குக்குப் பழைய பெயர் 'சுதந்திரம்'. அந்தச் சுதந்திரத்தை வாங்கியவர், தன் கை தைத்த தோல் வழியே வந்த தண்ணீரைப் பயிருக்குப் பாய்ச்சலாம். அதே கிணற்றில் இறங்கிக் குடிக்கக் கூடாது. தோல்வால் தொட்ட தண்ணீருக்குத் தீட்டில்லை, தைத்த கை தொட்டால் தீட்டு. அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20இல் மகாத் குளத்தில் நீரள்ளிக் குடித்து உடைத்தது இந்தப் பொய்க் கணக்கைத்தான்.

நாம் செய்ய வேண்டியது எளிது. கமலை இறைத்தவர்களும் வால் தைத்தவர்களும் இன்னும் சிலர் நம் தெருக்களில் இருக்கிறார்கள். தூர்ந்த கிணறுகள் மனைகளாகும் முன் அவர்களைக் கையோடு அங்கே அழைத்துப் போவோம். எந்தக் கல் எதற்கு, எந்தத் தோல் எங்கே, ஆண்டுக்கு எத்தனை மரக்கால் என்று அவர்கள் சொல்ல எழுதி வைப்போம். கல்லுக்குப் பக்கத்தில் அந்தப் பெயர்களும் இருக்கட்டும்.